ஹிப் ஹாப் எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப் ஹாப் என்று பேச்செடுத்தாலே இரண்டு விதமான முகங்களைப் பார்க்கிறேன். "அதில் என்ன இருக்கிறது, வேகமாகப் பேசுவதுதானே" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒரு பக்கம். வரிகளை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் விழிப்பவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஹிப் ஹாப், ராப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ராப் என்பது தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிச் சொல்வது. ஹிப் ஹாப் என்ற குடும்பத்தில் அது ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். இசைத்தட்டுகளைச் சுழற்றும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, தரையில் சுழன்று ஆடும் பிரேக் நடனக்காரர், சுவரிலும் ரயிலிலும் பெயர் எழுதும் கிராஃபிட்டிக்காரர் ஆகிய நால்வரும் சேர்ந்ததுதான் குடும்பம்.

இவர்களில் மூத்தவர் டிஜே. தொடக்கத்தில் எம்சியின் வேலை டிஜேயின் புகழ் பாடுவதும், கூட்டத்தில் நிற்கும் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைத்து உற்சாகப்படுத்துவதும்தான். தம்பூரா போட வந்தவர் கச்சேரியையே எடுத்துக்கொண்டது போல, பத்தே ஆண்டுகளில் மைக் பிடித்தவர் முன்னுக்கு வந்தார், தட்டு சுழற்றியவர் பின்னுக்குப் போனார்.

எப்போது, எங்கே பிறந்தது?

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த ஒரு விருந்தைத்தான் எல்லோரும் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பள்ளி திறக்கும் நேரம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் புதுத் துணி வாங்கப் பணம் தேவைப்பட்டது. கூடத்தை வாடகைக்கு எடுத்தார். சிறிய அட்டைகளில் கையால் அழைப்பு எழுதினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட, 18 வயது அண்ணன் கிளைவை உட்கார வைத்தார். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்த அந்த அண்ணன்தான் டிஜே கூல் ஹெர்க்.

வரலாறு அண்ணன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டது. தொழில் நடத்தியது தங்கை.

ஒரு கலை ஒரே இரவில் பிறந்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் முகவரியோடும் டிக்கெட் விலையோடும் பிறந்தநாள் சொல்லக்கூடிய கலைகள் உலகில் அதிகம் இல்லை. 2007இல் நியூயார்க் மாநிலமும் அந்தக் கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக ஏற்றுக்கொண்டது.

ஏன் பிராங்ஸ்? நியூயார்க்கில் வேறு இடமே இல்லையா?

அந்தப் பகுதியை நடுவில் வகிர்ந்து ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டத்தில் 1948இல் வேலை தொடங்கிய கிராஸ் பிராங்ஸ் எக்ஸ்பிரஸ்வேதான் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி உள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், தொழிற்சாலைகளும் போயின. மிஞ்சிய கட்டடங்களின் சொந்தக்காரர்களில் சிலர், வாடகையைவிடக் காப்பீட்டுத் தொகை லாபம் என்று கணக்குப் போட்டுத் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைக்க ஆள் அனுப்பினார்கள். அதே சமயத்தில் நகராட்சி செலவைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்ஸின் 44 கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் பாதிக்கு மேல் இழந்தன.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1971 டிசம்பரில், சண்டையை விலக்கப் போன கெட்டோ பிரதர்ஸ் கும்பலின் இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். எல்லோரும் பழிவாங்கலை எதிர்பார்த்தபோது அந்தக் கும்பலின் தலைவர்கள் மற்றக் கும்பல்களை அழைத்துச் சமாதானம் பேசினார்கள். அந்தச் சமாதானத்தில் ஓட்டைகள் இருந்தன. ஆனாலும் ஒரு தெருப் பையன் அடுத்த தெருவின் விருந்துக்குப் போய் உயிரோடு திரும்பலாம் என்ற நிலை மெல்ல வந்தது. அது வராமல் செட்ஜ்விக் அவென்யூ விருந்துக்குக் கூட்டம் எங்கிருந்து வந்திருக்கும்?

கூல் ஹெர்க் அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்? இருக்கிற பாட்டைத்தானே போட்டார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஃபங்க் என்ற அந்தக் காலக் கறுப்பின நடனப் பாடல்களில் ஓர் இடம் வரும். பாட்டு நிற்கும், பின்னணி வாத்தியங்கள் ஒதுங்கும், டிரம்ஸும் தாளக் கருவிகளும் மட்டும் சில விநாடிகள் தனியாக ஓடும். அதற்கு 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். பிராங்ஸில் நேர்மாறு. அதுவரை சுவரோரம் சாய்ந்து நின்றவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து தரையில் குதிப்பார்கள். பத்து விநாடியில் பிரேக் முடிந்துவிடும், மறுபடியும் சுவரோரம்.

தட்டுச் சுழலிக்குப் பின்னால் நின்று ஹெர்க் கவனித்தது இதைத்தான். பிடித்த பத்து விநாடியை ஏன் பத்து நிமிடமாக்கக் கூடாது? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் முள்ளைத் தூக்கி அதே பிரேக்கின் தொடக்கத்தில் வைத்தார். அது ஓடும்போது முதல் தட்டில் முள்ளைப் பின்னுக்கு நகர்த்தினார். இப்படி மாற்றி மாற்றி. இந்த உத்திக்கு அவர் வைத்த பெயர் 'மெர்ரி கோ ரவுண்ட்', நம் திருவிழாவில் சுற்றும் ராட்டினம். ஜேம்ஸ் பிரவுனின் பாடல்களும் இன்க்ரெடிபிள் போங்கோ பேண்டின் 'அபாச்சி'யும் அவருக்குக் கைகொடுத்தன. எந்தத் தட்டு என்று போட்டிக்காரர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம்.

அதுவரை பாட்டைக் கேட்பதற்கு மட்டுமே இருந்த ஒரு கருவி, அந்தக் கணத்தில் வாத்தியமாகிவிட்டது. வீணையோ பியானோவோ வாங்க வழியில்லாத வீடுகளில் இருந்தது தட்டுச் சுழலி ஒன்றுதான், அதையே வாசிக்கத் தொடங்கினார்கள். ஹிப் ஹாப்பின் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் விதை என்பது என் கட்சி.

இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். சிறு வயதில் எங்கள் வீட்டு இரட்டை கேசட் ரெக்கார்டரில், ஒரு பாட்டின் தவில் துண்டை மட்டும் ஐந்து முறை அடுத்தடுத்து வரும்படி பதிவு செய்ய ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவழித்தேன். ஒவ்வொரு ஒட்டிலும் 'டொக்' என்று ஒரு சத்தம். ஐந்தாவது முறை நாடா சிக்கிக்கொண்டது, பென்சிலை விட்டுச் சுற்றித்தான் மீட்டேன். நியூயார்க் பிள்ளைகளும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்றும், அதற்கு 'பாஸ் டேப்' (pause tape) என்று ஒரு பெயரே உண்டு என்றும் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் படித்தேன்.

தட்டைத் தேய்க்கும் அந்த 'விக்கி விக்கி' ஓசை யார் கண்டுபிடிப்பு?

ஹெர்க் முள்ளைக் குத்துமதிப்பாக வைப்பார், தாளம் சற்று இடறும். அந்த இடறலைப் பொறுக்க முடியாதவர் ஜோசப் சாட்லர் என்ற கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்த பையன். பிரேக் தொடங்கும் இடத்தில் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டார், அதைப் பின்னுக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொண்டார். தட்டுக்கு அடியில் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய ஃபெல்ட் துணியை வைத்தார். சுழலி சுற்றிக்கொண்டே இருக்க, தட்டை மட்டும் கையால் நிறுத்தவும் இழுக்கவும் முடிந்தது.

தேய்ப்பு ஓசை தியடோர் லிவிங்ஸ்டன் என்ற சிறுவனுடையது. 1975 வாக்கில், அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து திட்டினார். கையால் தட்டைப் பிடித்து நிறுத்தியவன், திட்டு முடியும்வரை தட்டை முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருந்தான். அந்த உரசல் காதுக்குப் பிடித்துவிட்டது. பின்னாளில் அவர் கிராண்ட் விஸர்ட் தியடோர். அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பேன்.

ராப் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, ஜமைக்காவிலிருந்தா?

மேற்கு ஆப்பிரிக்காவில் குலக்கதை பாடும் கிரியோக்களிடம் வேர் தேடுவோர் உண்டு. தூரத்து உறவு, மறுக்க மாட்டேன். கிட்டத்து உறவு என்றால், கறுப்பின இளைஞர்கள் ஒருவரை ஒருவர் எதுகையோடு வசை பாடிய 'டஜன்ஸ்' விளையாட்டு, வானொலியில் தாளக்கட்டோடு பேசிய கறுப்பின அறிவிப்பாளர்கள், நியூயார்க்கின் ஹார்லெமில் 1968இல் உருவாகி, தாளத்தோடு கவிதை சொன்ன லாஸ்ட் பொயட்ஸ் குழு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பக்கத்தில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணியில் மல்லுக்கட்டுவார்களே, அதைக் கேட்டவர்களுக்கு ராப் சண்டை புதிதாகத் தெரியாது.

ஜமைக்கா விஷயம் சுவையானது. அங்கே தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, தட்டின் மேல் பேசும் வழக்கம் முன்பே இருந்தது. ஆனால் அப்படிப் பேசியவர்களுக்கு முன்மாதிரி, கடல் தாண்டிக் காற்றில் வந்த அமெரிக்கக் கறுப்பின வானொலிக் குரல்கள்தான். ஆகவே இது போய்த் திரும்பி வந்த சரக்கு. ஹெர்க்கோ ஜமைக்கா வேரை மறுத்து ஜேம்ஸ் பிரவுனைக் கைகாட்டியதுண்டு. ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டுகளைப் போட்டுப் பார்த்து, பிராங்ஸ் கூட்டம் அசையாததைப் பார்த்தவர் அவர்.

இது கறுப்பினத்தவர் கலை மட்டும்தானா?

முதன்மையாக அவர்களுடையது. ஆனால் பக்கத்து வீட்டில் இருந்த போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களை மறந்துவிட்டுக் கதை சொல்ல முடியாது. பிரேக் நடனம் ஓய்ந்துபோன நேரத்தில் ராக் ஸ்டெடி க்ரூ குழுவின் கிரேஸி லெக்ஸ் போன்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள்.

முதல் ராப் பாட்டு எது?

தட்டில் வந்து பெரிதாக ஓடிய முதல் பாட்டு, 1979இல் ஷுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்'. சில்வியா ராபின்சன் என்ற பெண் தன் நிறுவனத்துக்காகத் தயாரித்தது. நீண்ட பதிப்பு 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரப்பட்டியலில் 36ஆம் இடம் வரை ஏறியது.

பிராங்ஸ்காரர்களுக்கு அதைக் கேட்டதும் வயிறு எரிந்தது. பாடிய மூவரும் அங்கே மேடை ஏறிப் பேர் வாங்கியவர்கள் அல்ல. அவர்களில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தேர்வானவர். பாட்டில் அவர் சொன்ன வரிகள் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்பவருடையவை. இரவல் வாங்கியதில் கேஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல் எழுத்தெழுத்தாக ஒப்பித்திருக்கிறார்! கேஸுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை.

ஹெர்க்குக்கும் அதே கதைதான். 2011இல் சிறுநீரகக் கல் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு இல்லாமல் அவர் தவித்த செய்தி வந்தபோது, ஹிப் ஹாப் பல நூறு கோடி டாலர் தொழிலாக வளர்ந்திருந்தது.

மற்றவர் பாட்டை வெட்டி ஒட்டுவது திருட்டு இல்லையா?

சட்டத்தின் பதில் 1991இல் வந்தது. கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றித் துண்டு எடுத்த பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிரான வழக்கில், "திருடாதே" என்ற பைபிள் கட்டளையை மேற்கோள் காட்டித் தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் பணம். ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளை இழைத்து நெய்த பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் பாணி கட்டுப்படியாகாமல் போனது.

என் பதில் வேறு. பிறர் தட்டிலிருந்து இரண்டு விநாடியைப் பிய்த்து, வேகம் மாற்றி, வேறு ஓசையோடு கோத்து, மூலம் எதுவென்றே தெரியாமல் செய்பவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கந்தல் துணியில் தைத்த போர்வை அது. ஆனால் ஒரு நெருடல் உண்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென் பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த, ஏறத்தாழ ஆறு விநாடி டிரம்ஸ் துண்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் பயன்பட்டிருக்கிறது. கோல்மனுக்கு அதனால் ஒரு காசு வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். ஜேம்ஸ் பிரவுனுக்கு வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் இதற்கு அடுத்த வீட்டுக் கதை. பாடலாசிரியருக்கும் நிறுவனத்துக்கும் உரிமை தந்த சட்டம், தாளக்காரரைப் பெரும்பாலும் படைப்பாளியாகக் கருதவில்லை. 1991 தீர்ப்பும் அந்த இடத்தில் எதையும் மாற்றவில்லை.

கயிறு இல்லாத ஷூ, தடித்த தங்கச் சங்கிலி, தொளதொள கால்சட்டை: இவை எங்கிருந்து வந்தன?

தெருவிலிருந்து. இங்கேயும் அதே விதிதான்: இருப்பதை எடுத்து உன்னுடையதாக்கு.

ஷூ கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைத்தது மெல்லிய கயிறு. பிரேக் நடனப் பையன்கள் அதை நீட்டி இழுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக்கினார்கள். அதில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மானம் போகும். பிறகு குவீன்ஸின் ஹாலிஸ் பகுதியிலிருந்து ரன் டிஎம்சி என்ற ராப் குழுவினர் வந்தார்கள். கறுப்புத் தோல் சட்டை, தொப்பி, கயிறே கோக்காத அடிடாஸ் சூப்பர்ஸ்டார். சிறையில் கயிற்றைப் பறித்துவிடுவார்கள் என்பதால், கயிறில்லாத ஷூவை ரவுடித்தனத்தின் அடையாளமாகப் பெரியவர்கள் பார்த்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் தங்கள் ஷூவையே பாட்டாக்கினார்கள். 1986இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சியில் அவர்கள் கேட்டுக்கொண்டதும் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஷூவைக் கழற்றி உயர்த்திப் பிடிக்க, அரங்கில் இருந்த அடிடாஸ் நிறுவன அதிகாரி அதைப் பார்த்தார். கூடைப்பந்து வீரர்களுக்காகச் செய்த ஷூவை விற்க இசைக்குழு ஒன்றுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. இன்று எந்தக் கடைத்தெருவிலும் பாடகர் படத்தோடு தொங்கும் ஷூ விளம்பரங்களுக்கு இது தாத்தா.

ஹார்லெமின் 125ஆம் தெருவில் டாப்பர் டான் என்ற தையல்காரர் 1982இல் கடை திறந்தார். குச்சி (Gucci), லூயி வுய்ட்டான் என்ற ஆடம்பர நிறுவனங்களின் முத்திரைகளைத் தானே தோலில் அச்சடித்து, அந்த நிறுவனங்கள் கனவிலும் தைக்காத தோள் அகன்ற கோட்டுகளைத் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வரிசையில் நின்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டுச் சோதனை நடத்தி 1992இல் கடையை மூட வைத்தன. 2017இல் குச்சி வெளியிட்ட ஒரு கோட்டைப் பார்த்து ஹார்லெமே கொதித்தது. டாப்பர் டான் 1980களில் தைத்ததன் அச்சு அசல். கூச்சல் பெருகியதும் அதே நிறுவனம் அவரோடு கூட்டுச் சேர்ந்து, மறு ஆண்டே ஹார்லெமில் அவருக்குத் தையலகம் திறந்து கொடுத்தது.

சுவரில் எழுதுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மையில் கொஞ்சம் ஒட்டவைத்த சம்பந்தம். தூதுப் பையனாக வேலை பார்த்துக்கொண்டு நகரம் முழுவதும் 'டாக்கி 183' என்று தன் பெயரையும் தெரு எண்ணையும் கிறுக்கிய ஓர் இளைஞரைப் பற்றி 1971லேயே நியூயார்க் டைம்ஸ் எழுதிவிட்டது. அது ஹெர்க்கின் விருந்துக்கு இரண்டு ஆண்டு முன்பு. ரயிலில் எழுதியவர்களில் ராக் இசை கேட்டவர்களும் நிறைய. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பட்டப்பெயர் மோகம் என்பதால் பின்னால் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். 1989 மே மாதம், எழுத்தில்லாத ரயில்களே இனி ஓடும் என்று நகரம் அறிவித்தது. அதற்குள் ஓவியக் கூடங்கள் அதே பையன்களை உள்ளே அழைத்து விலை பேசத் தொடங்கியிருந்தன.

வன்முறையையும் பெண்களை இழிவுபடுத்துவதையும் வளர்க்கும் இசையாயிற்றே?

அப்படிப்பட்ட பாடல்கள் இருக்கின்றன, ஏராளமாக. மழுப்ப மாட்டேன். சிலவற்றை நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் காலவரிசையைப் பாருங்கள். முதல் பத்தாண்டுப் பாடல்கள் பெரும்பாலும் விருந்துக் கொண்டாட்டம். 1982இல் 'தி மெசேஜ்' என்ற பாட்டு உடைந்த கண்ணாடியும் எலியும் நிறைந்த குடியிருப்பைப் பேசியது. 1988இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து காம்ப்டனிலிருந்து என்டபிள்யூஏ குழு போலீஸ் கெடுபிடியை வசைமொழியில் பாடியபோது, எஃப்பிஐ அதிகாரி ஒருவர் இசை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். நான்கு ஆண்டுகளுக்குள், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீசார் விடுதலையானதும் அந்த நகரம் பற்றி எரிந்தது.

ராப் பாடகர்கள் டூபாக் ஷக்கூர் 1996 செப்டம்பரிலும், நொட்டோரியஸ் பிஐஜி 1997 மார்ச்சிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டூபாக்குக்கு வயது 25, பிஐஜிக்கு 24தான். அமெரிக்காவின் மேற்குக் கரை, கிழக்குக் கரை என்ற பகையை ஊதிப் பெரிதாக்கி விற்ற பத்திரிகைகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

பெண்களைப் பொறுத்தவரை, இழிவு ஒரு பாதி என்றால் மறதி மறுபாதி. ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழுவில் அந்த 'ஒன்' ஷா ராக் என்ற பெண். 1984இல் 14 வயது ரொக்ஸேன் ஷான்டே ஒரே ஒரு பதில் பாட்டால் ஆண் பாடகர்களைத் திக்குமுக்காட வைத்தார். 1999இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி லாரின் ஹில்லுக்குப் போனது.

மற்ற நாடுகளில் எப்படி வேர் பிடித்தது?

பிரான்ஸ் 1984லேயே வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியது. 2010 இறுதியில் துனீசியாவில் எல் ஜெனரல் என்ற இளைஞர் அதிபரை விளித்து ஒரு ராப் பாடினார். போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. சில நாட்களில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். 2018இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் கிடைத்தது, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக் நடனம் ஒரு போட்டியாக இருந்தது. ஒலிம்பிக் பதக்கத்தைவிட துனீசியச் செய்திதான் எனக்குப் பெரிது.

தமிழில் யார் தொடங்கினார்கள்?

1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பலருக்கு முதல் அறிமுகம். ஆனால் ஹிப் ஹாப்பைத் தெருவோடும் தட்டோடும் சேர்த்துத் தமிழில் வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு சென்னைப் பிள்ளைகளின் கைப்பேசிகளில் கை மாறி ஓடியது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்ஐஏ என்ற பெயரில் ஈழத்து அகதி வாழ்வை ஆங்கிலத்தில் உலகம் கேட்கச் செய்தார். 2018இல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் ராப்பும் ஒன்றாக நின்றன. வடசென்னைக் கானாவும் பிராங்ஸ் ராப்பும் சந்திக்க இவ்வளவு காலம் ஆனதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

ராப் பாடலில் தொடங்க வேண்டாம். 'ஆமென் பிரதர்' பாட்டைத் தேடி எடுங்கள். நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். 1 நிமிடம் 26ஆம் விநாடியில் எல்லா வாத்தியங்களும் ஒதுங்கும், கோல்மன் மட்டும் வாசிப்பார். முடிந்ததும் விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் அந்த இடத்திலேயே வையுங்கள். மறுபடியும்.